மின்புலம் இயக்கும் திரவ ஓட்டங்கள்: சிமுலேஷன் செய்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்திலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ இறுதியாண்டுத் திட்டத்துக்காக இந்தக் கணக்குகளில் இறங்குபவர்களுக்கும், ஏற்கெனவே கணக்கிட்டுவிட்டு விடை ஏன் சோதனையோடு ஒத்துவரவில்லை என்று தேடுபவர்களுக்கும் இந்தப் பக்கம். திரவ இயக்கவியலின் அடிப்படை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறோம். சமன்பாடுகளைச் சொற்களாகவே தருகிறோம். வேறு அலகு குறிப்பிடாத இடத்தில் எஸ்ஐ அலகு.

மின்புலம் திரவத்தை எப்படி ஓட வைக்கிறது?

இரண்டு விசைகள்தான் கணக்கில் வரும். ஒன்று, கட்டற்ற மின்னூட்டத்தின் மீது மின்புலம் செலுத்தும் கூலூம் விசை. மற்றது, விடுதிறன் (மின்புலத்தில் திரவம் எவ்வளவு துருவமாகும் என்பதன் அளவு) இடத்துக்கு இடம் மாறுவதால் வரும் விசை. அடர்த்தி மாற்றத்தால் வரும் மூன்றாவது உறுப்பு, அமுங்காத் திரவத்தில் அழுத்தத்தோடு கரைந்துவிடும். அதைத் தனியாக எழுத வேண்டியதில்லை.

ஒரே சீரான, நிகர மின்னூட்டம் இல்லாத திரவத்துக்குள் எவ்வளவு வோல்ட் கொடுத்தாலும் எதுவும் நகராது என்பது இதிலிருந்து தெரிகிறது. விசை பிறப்பது இரு திரவங்களின் இடைமுகத்தில், சுவரை ஒட்டிய மெல்லிய அயனி அடுக்கில், அயனிப் பரிமாற்றச் சவ்வின் வாசலில், அல்லது வெப்பத்தால் மின்கடத்துதிறன் ஏறி இறங்கும் பகுதியில். உங்கள் கணக்கில் அது எங்கே என்று தாளில் வரைந்து காட்ட முடியாவிட்டால் மென்பொருளைத் திறக்காதீர்கள். மெஷ் (திரவப் பகுதியைச் சிறு செல்களாகப் பிரிக்கும் வலை) நெருக்கமாக இருக்க வேண்டிய இடமும் அதுதான்.

இங்கே இதற்கு என்ன பயன்?

கடல்நீரைக் குடிநீராக்குவது சிங்கப்பூருக்கு அன்றாடக் கவலை. எதிர்ச் சவ்வூடு பரவல் ஆலைகளில் ஒரு கன மீட்டர் நீருக்குச் சுமார் 3.5 கிலோவாட்-மணி மின்சாரம் செலவாகிறது. அதை 2-க்குக் கொண்டுவருவது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் இலக்கு. அயனிகளை மின்புலத்தால் பிரித்தெடுக்கும் முறைகள் அதற்கான வழிகளில் ஒன்று. அங்கே சவ்வருகே எழும் சுழல்களைக் கணக்கிடாமல் வடிவமைப்பு நகராது. மற்றபடி நுண்குழாய்ச் சில்லுகள், மின்நூற்பு நானோ இழைகள், நிறைமாலைமானியின் தெளிப்பு முனை ஆகியவற்றுக்கும் இதே சமன்பாடுகள்தான்.

எந்த மாதிரியை எடுப்பது? புத்தகத்தில் நாலைந்து இருக்கின்றனவே.

நேரங்களை ஒப்பிடுங்கள், மாதிரி தானாக வந்து நிற்கும். வருகிற தவறான விடைகளில் பெரும்பகுதிக்குக் காரணம் இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் விட்டதுதான்.

முதல் நேரம் மின்னூட்டத் தளர்வு நேரம்: விடுதிறனை மின்கடத்துதிறனால் வகுத்தால் வருவது. திரவத்தின் உள்ளே போட்ட மின்னூட்டம் இந்த நேரத்துக்குள் இடைமுகத்துக்கோ சுவருக்கோ ஓடிவிடும். 1 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலுக்கு இது சுமார் 47 நானோநொடி. மிகத் தூய நீருக்கு (5.5 மைக்ரோசீமென்ஸ்/மீட்டர்) 0.13 மில்லிநொடி. விளக்கெண்ணெய்க்கு, மின்கடத்துதிறன் 4×10⁻¹¹ சீமென்ஸ்/மீட்டர், ஒப்புமை விடுதிறன் 4.5 என்று கொண்டால், 1 நொடி. 10⁻¹² சீமென்ஸ்/மீட்டர் உள்ள சிலிக்கோன் எண்ணெய்க்கு 24 நொடி.

இரண்டாவது, ஓட்டத்தின் நேரம். மின்புலமே ஓட்டத்தை நடத்தும்போது, பாகுத்தன்மையை 'விடுதிறன் × மின்புலத்தின் இருமடி' என்ற அழுத்தத்தால் வகுத்தால் அது கிடைக்கும். அதிர்வு, மாறுதிசை மின்புலம் இருந்தால் அதன் அலைவு நேரத்தையும் எடுக்க வேண்டும்.

தளர்வு நேரம் ஓட்ட நேரத்தைவிடப் பல மடங்கு சிறியது என்றால், மின்னூட்டம் எப்போதும் சமநிலையில் இருக்கிறது. அப்போது 'மின்கடத்துதிறன் × மின்னழுத்தச் சரிவு' என்பதன் டைவர்ஜென்ஸ் பூஜ்யம் என்று தீர்த்தால் போதும். ஜி. ஐ. டெய்லர் 1966-இல் தந்து, பிறகு மெல்ச்சரோடு 1969-இல் விரித்த 'கசியும் மின்காப்பு' மாதிரி இதுதான். தளர்வு நேரம் பல மடங்கு பெரியது என்றால் இரு திரவங்களையும் முழு மின்காப்பாக வைக்கலாம். இரு நேரங்களும் ஏறக்குறைய சமம் என்றால் குறுக்கு வழி இல்லை: மின்னூட்டம் ஓட்டத்தோடு அடித்துச் செல்லப்படுவதையும் சேர்த்துத் தீர்க்க வேண்டும்.

மேலே சொன்ன விளக்கெண்ணெயில் (பாகுத்தன்மை 0.7 பாஸ்கல்-நொடி) செ.மீ.-க்கு 2 கிலோவோல்ட் கொடுத்தால் ஓட்ட நேரம் 0.44 நொடி வருகிறது. தளர்வு நேரமோ 1 நொடி. டெய்லரின் தூய மாதிரி இங்கே தள்ளாட ஆரம்பிக்கும். "எண்ணெய்க்குள் எண்ணெய்த் துளிதானே, கசியும் மின்காப்பு போதும்" என்று பலர் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் இடம் சரியாக இதுவே.

அயனிகளின் செறிவே முக்கியமாகும் நீர்க்கரைசல்களில் மின்கடத்துதிறன் என்ற ஒற்றை எண் போதாது. ஒவ்வோர் அயனிக்கும் தனிச் சமன்பாடு எழுதும் பாய்சான்–நெர்ன்ஸ்ட்–பிளாங்க் மாதிரிக்குப் போக வேண்டும். அது கீழே வருகிறது.

நேரப்படி (ஒரு கணக்குப் படியின் கால நீளம்) எவ்வளவு வைக்கலாம்?

பல வரம்புகள் உண்டு. மிகச் சிறியதுதான் ஆளும். ஓட்ட வேகத்தால் வரும் வழக்கமான வரம்பு பெரும்பாலும் தொல்லை தராது. தொல்லை தருபவை மற்ற மூன்று.

பரப்பு இழுவிசை அலை: செல் அளவு 10 மைக்ரான், இரு திரவங்களின் அடர்த்திக் கூட்டு 1,930, இடைமுக இழுவிசை மீட்டருக்கு 4.5 மில்லிநியூட்டன் என்றால் நேரப்படி சுமார் 6 மைக்ரோநொடிக்குள் இருக்க வேண்டும். செல்லைப் பாதியாக்கினால் அது 2.8 மடங்கு சுருங்கும். 5 நொடி ஓட்டம் என்றால் எட்டு லட்சத்துக்கும் மேல் படிகள். விளக்கெண்ணெய் போன்ற கெட்டித் திரவத்தில் ரெனால்ட்ஸ் எண் 0.003 அளவில்தான் இருக்கும். அதனால் இரண்டு திரவங்களின் அடர்த்தியையும் 10 மடங்கு ஏற்றிக் கணக்கிடலாம்; எண் 0.03 ஆகும், நிலைமம் இன்னும் பொருட்டல்ல, நேரப்படி 3 மடங்கு நீளும். மிதப்பு விசையைச் சேர்த்திருந்தால் மட்டும் இந்த வேலை வேண்டாம்.

மின்னூட்டத் தளர்வு: வெளிப்படை முறையில் (பழைய நேரத்தின் மதிப்புகளை மட்டும் வைத்து) தீர்த்தால் நேரப்படி தளர்வு நேரத்துக்குள் இருந்தாக வேண்டும். 0.1 சீமென்ஸ்/மீட்டர் உள்ள நீருக்கு அது 7 நானோநொடி. மேலே சொன்ன 6 மைக்ரோநொடியைவிட எண்ணூறு மடங்குக்கும் மேல் சிறியது. இதை ஒரே வரியில் தீர்க்கலாம். மின்னூட்டச் சமன்பாட்டின் கடத்தல் உறுப்பைப் புதிய நேரத்தில் எழுதி, மின்னூட்டத்திலிருந்து மின்னழுத்தத்தைத் தரும் பாய்சான் சமன்பாட்டில் செருகுங்கள். 'விடுதிறன் + நேரப்படி × மின்கடத்துதிறன்' என்பதைக் குணகமாகவும் பழைய மின்னூட்டத்தைக் குறிமாற்றி வலப்பக்கமாகவும் கொண்ட ஒரே நீள்வட்டச் சமன்பாடு கிடைக்கும். நேரப்படி பெரிதானால் அதுவே கடத்தல் மட்டும் உள்ள மாதிரியாக மாறிவிடும். சிறிதானால் மின்காப்பு மாதிரி. மூன்று நிலைகளுக்கும் ஒரே நிரல் போதும் என்பதால் இந்த வடிவத்தையே பரிந்துரைக்கிறோம்.

அயனி விரவல்: சுவரருகே 1 நானோமீட்டர் செல், விரவல் குணகம் 2×10⁻⁹ என்றால் வெளிப்படை வரம்பு 0.25 நானோநொடி. 50 மைக்ரான் கால்வாயை அயனி விரவிக் கடக்க ஒரு நொடிக்கு மேல் ஆகும். 500 கோடி படிகள்! புதிய நேரத்தின் மதிப்புகளையே தெரியாதவையாக வைத்துத் தீர்க்கும் உள்ளுறை முறையைத் தவிர வேறு வழியே இல்லை.

என் நிரல் சரிதானா என்று எப்படிச் சோதிப்பது?

மூன்று சோதனைகள், இதே வரிசையில்.

முதலாவது, தட்டையான இரு அடுக்குகள், மேலும் கீழும் மின்முனைகள். மின்னழுத்தம் ஒவ்வோர் அடுக்கிலும் நேர்கோடு. கோட்டின் சரிவுகளைக் கையால் கணக்கிடலாம். இடைமுகம் செல்லின் நடுவில் விழும்படி வையுங்கள்; செல் விளிம்பில் வைத்தால் பிழை இருந்தாலும் தெரியாது.

இரண்டாவது, முழு மின்காப்புத் துளி. மின்னூட்டமே இல்லாததால் இடைமுகத்தில் தொடுவிசை கிடையாது. துளி மின்புலத் திசையில் நீண்டு நின்றுவிட வேண்டும், வேகம் பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். இறங்காமல் மிச்சமிருக்கும் வேகம் முழுக்க எண்முறைப் பிழை.

மூன்றாவது, டெய்லரின் கசியும் துளி. உருமாற்றம் என்பது மின்புலத் திசை நீளத்துக்கும் குறுக்கு நீளத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அவற்றின் கூட்டால் வகுப்பது. மின்கடத்துதிறன் விகிதம் 0.025, விடுதிறன் விகிதம் 0.611, பாகுத்தன்மை விகிதம் 1 (மூன்றும் துளிக்கு உள்ளே ÷ வெளியே), மின் கேப்பிலரி எண் 0.1 என்று வையுங்கள். கடைசி எண், வெளித் திரவத்தின் விடுதிறன், மின்புலத்தின் இருமடி, துளி ஆரம் மூன்றையும் பெருக்கி இழுவிசையால் வகுத்தது. டெய்லரின் சூத்திரம் −0.0151 என்று தரும். அதாவது துளி மின்புலத்துக்குக் குறுக்கே லேசாகத் தட்டையாகும். ஆரத்துக்கு 40 செல் இருந்தும் இதில் பத்து சதவீதத்துக்கு மேல் விலகினால் அடுத்த கேள்வியைப் படியுங்கள். இது சிறு உருமாற்றத்துக்கான சூத்திரம். கேப்பிலரி எண்ணை 0.5-க்கு ஏற்றி ஒப்பிட்டு "டெய்லர் தப்பு" என்று அறிக்கை எழுத வேண்டாம்.

நன்கு கடத்தும் துளியை எடுத்தால் இன்னொரு எல்லைக்கல் உண்டு: கேப்பிலரி எண் ஏறக்குறைய 0.21-ஐத் தாண்டினால் நிலையான வடிவம் கிடையாது, நீள அகல விகிதம் 1.9 அளவில் துளி உடைய ஆரம்பிக்கும்.

இடைமுகச் செல்லில் பண்புகளை எப்படிச் சராசரி எடுப்பது?

விஓஎஃப் (ஒவ்வொரு செல்லிலும் எந்தத் திரவம் எவ்வளவு பங்கு என்று கணக்கு வைக்கும் முறை) போன்றவற்றில் இடைமுகச் செல்லில் பாதி ஒரு திரவம், பாதி இன்னொன்று. மின்கடத்துதிறன் 1-உம் 1,000-உம் என்று கொள்ளுங்கள். கூட்டுச் சராசரி 500.5. இசைச் சராசரி 2. எதை எடுத்தாலும் 'சராசரி'தான், ஆனால் விடை தலைகீழ்.

மின்னோட்டம் இடைமுகத்தைக் குறுக்கே கடக்கும்போது இரு திரவங்களும் தொடரிணைப்பில் உள்ள மின்தடைகள். இசைச் சராசரி சரி. இடைமுகத்தை ஒட்டி ஓடும்போது பக்க இணைப்பு. கூட்டுச் சராசரி சரி. வளைந்த துளியில் இரண்டுமே இருக்கின்றன. நடைமுறையில் இசைச் சராசரியில் தொடங்குங்கள். கூட்டுச் சராசரி, நன்கு கடத்தும் திரவத்தை அரைச் செல் அளவு வெளியே தள்ளிவிடும். துளிதான் நன்கு கடத்துவது என்றால், அது இருப்பதைவிடப் பெரிதாக மின்புலத்துக்குத் தோன்றும், உருமாற்றமும் கூடும். மெஷ்ஷை இருமுறை பாதியாக்கி, இரண்டு சராசரியிலும் வரும் விடைகள் நெருங்கி வருகின்றனவா என்று பாருங்கள். நெருங்கினால் எது என்ற விவாதமே தேவையில்லை.

துளி மெல்ல நகர்ந்துபோகிறது. புலம் சீரானது, துளியில் நிகர மின்னூட்டமும் இல்லை. ஏன்?

மின்விசையை இரண்டு விதமாக எழுதலாம். 'மின்னூட்டம் × மின்புலம்' கழித்தல் 'புலத்தின் இருமடியில் பாதி × விடுதிறன் சரிவு' என்பது ஒன்று. மின்புலம் உண்டாக்கும் தகைவைத் தரும் மேக்ஸ்வெல் தகைவு டென்சரின் டைவர்ஜென்ஸ் மற்றொன்று. தாளில் இரண்டும் ஒன்றே. மெஷ்ஷில் அப்படியில்லை: முதல் வடிவத்தில் இடைமுகச் செல்களின் விசைகளைக் கூட்டினால் பூஜ்யம் வராது, மிச்சம் துளியைத் தள்ளும். டென்சரைச் செல் முகங்களில் மதிப்பிட்டு, ஒரு செல்லில் கழித்ததை அடுத்த செல்லில் கூட்டினால் மொத்தம் தானாகவே பூஜ்யமாகும். டென்சர் வடிவத்துக்கு மாறுங்கள்.

மாறிய பிறகும் நகர்ந்தால் பாய்சான் தீர்வியின் தாங்கெல்லையைப் பாருங்கள். மின்புலம் என்பது மின்னழுத்தத்தின் வகைக்கெழு; விசையோ புலத்தின் இருமடி. மின்னழுத்தத்தில் ஒதுக்கிவிடக்கூடிய சத்தம் விசையில் பெரிதாகும். இயல்புநிலையாக வரும் 10⁻³, 10⁻⁴ போதாது. 10⁻⁸ வரை இறக்கிப் பாருங்கள்.

இன்னொன்று: சமச்சீரை நம்பி அரைத் துளியை மட்டும் கணக்கிட்டால் நகர்வு கண்ணுக்கே வராது, பிழை உள்ளே ஒளிந்துகொள்ளும். சோதனைக் கட்டத்தில் முழுத் துளியையும் ஓட்டுங்கள்.

அச்சுச் சமச்சீர் போதுமா, முப்பரிமாணம் வேண்டுமா?

மிதமான புலத்தில் துளி, கூம்பு முனை வரைக்கும் அச்சுச் சமச்சீர் தாராளமாகப் போதும். மடிக்கணினியில் ஓர் இரவில் முடியும். சுற்றிலும் மின்முனைகளைத் துளி ஆரத்தைப் போல் 8 முதல் 10 மடங்கு தள்ளி வையுங்கள். துளியின் இருமுனைப் புலம் தொலைவின் மும்மடியில் குறைவதால், 4 மடங்குத் தொலைவில் விளைவு ஒன்றரை சதவீத அளவிலும், 10 மடங்கில் 0.1 சதவீத அளவிலும் இருக்கும்.

போதாத இடம் ஒன்று உண்டு. துளிக்குள் தளர்வு நேரம் வெளியே இருப்பதைவிட அதிகம் என்றால், புலம் ஒரு வரம்பைத் தாண்டியதும் துளி சாய்ந்து சுழல ஆரம்பிக்கும். இதற்குக் குவின்கே சுழற்சி என்று பெயர். விளக்கெண்ணெயில் சிலிக்கோன் எண்ணெய்த் துளி இந்த வகைதான். மேலே தந்த அளவுகளுக்கு, திண்மக் கோளத்துக்கான சூத்திரத்தில் போட்டால் வரம்பு செ.மீ.-க்குச் சுமார் 2.9 கிலோவோல்ட். அச்சுச் சமச்சீர்க் கணக்கு இதை ஒருபோதும் காட்டாது. அழகாகச் சமச்சீரான, முழுக்கத் தவறான விடையைத் தந்துவிட்டு முடியும். மின்நூற்பில் இழை சாட்டை மாதிரி சுழல்வதும் இப்படித்தான்: முப்பரிமாணம் இல்லாமல் கிடையாது.

மின்புலம் திரவத்தை இழுத்துக் கூர்மையாக்கும் டெய்லர் கூம்பின் முனையில் மெஷ்ஷை எவ்வளவு நெருக்கினாலும் விடை ஒன்றாக நிற்பதில்லை.

திரவத்தை முழுக்கடத்தியாக வைத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் நிற்கவே நிற்காது. 49.3 பாகை அரைக்கோணக் கூம்பின் முனையில் புலம் எல்லையின்றி ஏறும். மெஷ் நெருங்க நெருங்க முனை கூர்மையாகிக்கொண்டே போகும். முனையிலிருந்து தாரை கிளம்புவதற்குக் காரணமே மின்கடத்துதிறன் எல்லையுள்ளதாக இருப்பது. முனைக்கு அருகே ஓட்ட நேரம் தளர்வு நேரத்தோடு சமமாகி, மின்னூட்டம் ஓட்டத்தோடு அடித்துச் செல்லப்படுகிறது. ஆகவே மின்னூட்டக் கடத்தலைச் சேர்த்த மாதிரிக்குப் போங்கள். தாரையின் அகலத்துக்குக் குறைந்தது 10 செல் கிடைக்க வேண்டும். 5 மி.மீ. பெட்டியில் 1 மைக்ரான் தாரைக்குத் தகவமை மெஷ்ஷில் (தேவையான இடத்தில் மட்டும் நெருங்கும் வலை; ஒவ்வொரு நிலைக்கும் செல் பாதியாகும்) 14 நிலைகள் வைத்தாலும் செல் 0.3 மைக்ரான்தான், 3 செல்லுக்கு மேல் வராது. பெட்டியைச் சுருக்குங்கள், அல்லது முதலில் மின்கடத்துதிறன் குறைந்த, தாரை தடித்த திரவத்தில் பழகுங்கள்.

கிளம்பும் துளிகளின் மின்னூட்டத்தை ராலே 1882-இல் தந்த வரம்போடு ஒப்பிடுங்கள். 1 மைக்ரான் ஆர எத்தனால் துளிக்கு அது சுமார் 1.1×10⁻¹⁴ கூலூம். உங்கள் துளி அதைத் தாண்டியும் உடையாமல் பறந்துகொண்டிருந்தால் மின்னூட்டக் கணக்கில் எங்கோ ஓட்டை இருக்கிறது.

முனை காற்றில் இருந்தால் இன்னொரு சரிபார்ப்பு. காற்று மீட்டருக்குச் சுமார் 30 லட்சம் வோல்ட்டில் முறிந்துவிடும் (மைக்ரான் அளவு இடைவெளிகளில் வரம்பு கூடுதல்). கணக்கில் முனையைச் சுற்றிப் பெரிய பரப்பில் இதைத் தாண்டியிருந்தால், நிஜத்தில் அங்கே பொறி பறந்திருக்கும்.

நுண்குழாயில் மின்சவ்வூடு ஓட்டம்: சுவரருகே உள்ள அயனி அடுக்கை மெஷ் போட்டுத் தீர்க்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். அடுக்கின் தடிமன், அதாவது டிபை நீளம், 1 மில்லிமோலார் உப்பில் 9.6 நானோமீட்டர், 100 மில்லிமோலாரில் 0.96. கால்வாய் 50 மைக்ரான் என்றால் 5,000 மடங்குக்கு மேல் வித்தியாசம். அடுக்கைத் தூக்கி எறிந்துவிட்டு சுவரில் வழுக்கு வேகம் கொடுங்கள்: விடுதிறன், சீட்டா மின்னழுத்தம் (சுவரை ஒட்டிய அயனி அடுக்கின் மின்னழுத்தம்), தொடுபுலம் மூன்றையும் பெருக்கிப் பாகுத்தன்மையால் வகுத்து, குறியை மாற்றுங்கள். சீட்டா −50 மில்லிவோல்ட், புலம் செ.மீ.-க்கு 100 வோல்ட், 25 பாகை நீர் என்றால் நொடிக்கு 0.39 மி.மீ. இதைவிட நூறு மடங்கு வந்தால் ஏதோ ஓர் அலகு தவறியிருக்கிறது.

வழுக்கு வேகம் செல்லாத இடங்கள்: கால்வாயே சில பத்து நானோமீட்டர் அகலம், சுவர் மின்னூட்டம் மிக அதிகம், செறிவு ஓரிடத்தில் காலியாகும் அளவுக்கு மின்னோட்டம். அப்போது பாய்சான்–நெர்ன்ஸ்ட்–பிளாங்க். முதல் செல் டிபை நீளத்தில் பத்தில் ஒன்று. அடுத்தடுத்த செல் 1.1 முதல் 1.2 மடங்கு பெரிதாகப் போகட்டும். ஒரு செல்லைக் கடக்கும் மின்னழுத்த வித்தியாசம் வெப்ப மின்னழுத்தத்தின் (25 பாகையில் 25.7 மில்லிவோல்ட்) இரு மடங்கைத் தாண்டினால், மைய வேறுபாட்டு முறையில் செறிவு எதிர்மறையாகி நிரல் சரிந்துவிடும். எதிர்மறைச் செறிவைப் பூஜ்யமாக வெட்டிவிடுவது தீர்வு அல்ல. அயனி எண்ணிக்கை கெட்டுவிடும். இரு செல்களுக்கு இடையே செறிவு அடுக்குக்குறியாக மாறும் என்று கொள்ளும் ஷார்ஃபெட்டர்–கம்மல் முறையோ, செறிவின் மடக்கையை மாறியாக வைப்பதோ சரியான வழி.

வெப்பத்தை மறக்காதீர்கள். உடலியல் உப்புக்கரைசல் மீட்டருக்கு 1.5 சீமென்ஸ் கடத்தும். அதே செ.மீ.-க்கு 100 வோல்ட் புலத்தில், வெப்பம் வெளியேற வழியில்லாவிட்டால் நொடிக்கு 36 பாகை ஏறும். நீரின் பாகுத்தன்மை பாகைக்கு 2 சதவீதம் குறைவதால் வேகமும் கூடவே மாறும்.

அயனிப் பரிமாற்றச் சவ்வருகே சுழல்கள் வருமா வராதா?

வரம்பு மின்னோட்டத்தை (சவ்வருகே அயனிச் செறிவு பூஜ்யத்தை எட்டும் மின்னோட்டத்தை) தாண்டிய பிறகு, மின்னழுத்தம் வெப்ப மின்னழுத்தத்தின் சுமார் 20 மடங்கை (அரை வோல்ட்டை) தாண்டும்போது ஒரு பரிமாணத் தீர்வு நிலை குலைந்து சுழல்கள் எழும். ரூபின்ஸ்டைனும் சால்ட்ஸ்மனும் இதன் நிலைத்தன்மையை ஆராய்ந்து காட்டியவர்கள். கணக்கில் வராவிட்டால் முதல் காரணம் தொடக்க நிலை முழுக்கச் சமச்சீராக இருப்பது. செறிவில் 1 சதவீதம் தற்செயல் சத்தம் சேருங்கள். அடுத்த காரணம் மெஷ்: சமநிலை அடுக்குக்கு வெளியே விரியும் மின்னூட்டப் பகுதியையும் செல்கள் பிடிக்க வேண்டும். அகலவாக்கில் பெட்டி, கால்வாய் உயரத்தின் 4 மடங்காவது இருக்கட்டும். இல்லாவிட்டால் சுழலின் அகலத்தைத் தீர்மானிப்பது உங்கள் பெட்டியாகத்தான் இருக்கும்.

எந்த மென்பொருள்?

இடைமுகமும் துளியும் என்றால் பேசிலிஸ்க். மின்னூட்டத்தைக் காக்கும் விஓஎஃப் முறையும் தகவமை மெஷ்ஷும் ஏற்கெனவே அதில் உண்டு, இலவசம். மின்சவ்வூடு ஓட்டமும் பாலிமர்க் கரைசலும் என்றால் ஓப்பன்ஃபோம் மேல் எழுதப்பட்ட ரியோடூல். காம்சாலில் எல்லாவற்றையும் மெனுவில் இணைக்கலாம், படமும் அழகாக வரும். உரிமத்தை உங்கள் துறை வாங்கியிருக்க வேண்டும். இடைமுகக் கணக்கில் அதன் தடித்த இடைமுகத்தின் அகலத்தை மாற்றிப் பார்க்காமல் விடையை நம்ப வேண்டாம்.

என்எஸ்சிசி-யின் (சிங்கப்பூர்த் தேசிய மீத்திறன் கணினி மையம்) ஆஸ்பயர் 2ஏ மீத்திறன் கணினியில் ஓட்டும்போது எதைக் கவனிப்பது?

வேலைகள் பிபிஎஸ் என்ற வேலை ஒதுக்கீட்டு மென்பொருளின் வரிசை வழியாகப் போகும். ஒரு கணுவில் 128 கோர். கோருக்கு 20,000 முதல் 50,000 செல் இருக்கும்படி பிரியுங்கள். அதற்குக் கீழே போனால் பாய்சான் தீர்வியின் தகவல் பரிமாற்றமே நேரத்தைத் தின்னும். நம் கணக்குகளில் நேரத்தின் பெரும்பங்கு அந்தத் தீர்விக்கே போகிறது. மின்கடத்துதிறன் விகிதம் பத்து லட்சம் என்றால் மல்டிகிரிட் சுற்றுகள் (தீர்வி விடையை நெருங்கத் திரும்பத் திரும்பச் செய்யும் சுற்றுகள்) ஏறும். ஒரு படிக்கு எத்தனை சுற்று என்பதைப் பதிவுக் கோப்பில் எழுதவையுங்கள். அந்த எண் திடீரென்று ஏறினால் ஏதோ உடையப்போகிறது என்று பொருள், வேகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட முன்னதாகவே தெரியும். நேர ஒதுக்கீடு தீருமுன் இடைநிலைக் கோப்பு எழுதும்படி அமைத்துவிடுங்கள்.

எல்லாம் சரி, ஆனால் ஆய்வகச் சோதனையோடு ஒத்துவரவில்லை.

திரவத்தின் பண்புகளை எங்கிருந்து எடுத்தீர்கள்? விளக்கெண்ணெயின் பாகுத்தன்மை 20 பாகையில் 0.986 பாஸ்கல்-நொடி, 30 பாகையில் 0.451. கையேட்டில் 20 பாகை எண்ணை எடுத்துவிட்டு, குளிர்சாதனம் இரவில் நிறுத்தப்படும் அறையில் காலையில் அளந்தால் வேகம் இரட்டிப்பாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

மின்கடத்துதிறன் இன்னும் மோசம். நம் ஊர் ஈரப்பதத்தில் திறந்துவைத்த எண்ணெய் நீரை உறிஞ்சும், எண் பல மடங்கு ஏறும். தேக்காவில் வாங்கிய விளக்கெண்ணெயிலும் சோதனை செய்யலாம், தவறில்லை. அன்றைய அளவீடு வேண்டும், அவ்வளவுதான். போத்தலை மூடி வைத்து, சோதனை நாளன்றே அதே வெப்பநிலையில் அளந்து, அந்த எண்ணைக் கணக்கில் போடுங்கள். வித்தியாசம் போகவில்லை என்றால் மாறுதிசை மின்புலத்தில் திரும்பச் செய்து பாருங்கள். அலைவு நேரம் தளர்வு நேரத்தைவிட மிகச் சிறியதானால் இரண்டு எண்ணெயும் மின்காப்பாக நடக்கும். விளக்கெண்ணெய்க்கு 50 ஹெர்ட்ஸே போதும். அங்கே ஒத்து, நேர்திசை மின்புலத்தில் மட்டும் ஒத்துவராவிட்டால் சந்தேகம் மின்கடத்துதிறன் மீதுதான்.

விடை பல கோடி மடங்கு தள்ளி வருகிறது.

ஒப்புமை விடுதிறனை வெற்றிட விடுதிறனால் (8.854×10⁻¹²) பெருக்க மறந்திருப்பீர்கள். பத்தின் மடங்கில் தவறினால் செ.மீ.-க்கும் மீட்டருக்கும் இடையே தேடுங்கள். ஓட்டம் எதிர்த்திசையில் என்றால் சீட்டாவின் குறி.

அறிக்கையில் எந்த எண்களைத் தர வேண்டும்?

இரு திரவங்களின் அடர்த்தி, பாகுத்தன்மை, விடுதிறன், மின்கடத்துதிறன், அளந்த வெப்பநிலை, இழுவிசை, தளர்வு நேரங்கள், ஓட்ட நேரம், மிகச் சிறிய செல், ஆரத்துக்கு எத்தனை செல், நேரப்படியை எந்த வரம்பு ஆண்டது, இடைமுகச் சராசரி எது, தீர்வியின் தாங்கெல்லை, பெட்டியின் அளவு, முழு மின்காப்புச் சோதனையில் மிஞ்சிய போலி வேகம். கடைசி எண்ணை உங்கள் உண்மையான ஓட்ட வேகத்துக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். இரண்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம்கூட இல்லை என்றால், அம்புக்குறிப் படத்தை அறிக்கையிலிருந்து எடுத்துவிடலாம்.